கூரை இறங்கி வந்த கதை

டிசம்பர் வந்தால் போதும், நர்ஸ் வார்சோவுக்கு அந்தப் பழைய ஆஸ்பத்திரியின் மாடிப்படி ஞாபகம் வந்துவிடும். தேய்ந்துபோன கறுப்புக் கல் படி. ஏறும்போதே கீழ்த்தளத்துச் சமையற்கட்டிலிருந்து முட்டைக்கோஸ் சூப் வாசனை வரும். அந்தப் படியும் இல்லை, கூட ஏறிய நர்ஸுகளில் பாதிப் பேரும் இல்லை. லெனினாகான் என்ற ஊர் இப்போது கும்ரி ஆகிவிட்டது. பேர் மாறியதே தவிர ஊர்க்காரர்களின் வாய் மாறவில்லை.

வாய் என்றால் அப்படியொரு வாய். எங்கள் ஊரில் பல் பிடுங்கப் போகிறவன்கூட டாக்டரைக் கிண்டலடித்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவான். அதற்கும் ஒரு சட்டம் உண்டு. விருந்து மேசையில் ஒரே வேடிக்கையை இரண்டாம் தடவை சொன்னவன் தன் கோப்பையைப் பக்கத்தில் இருப்பவனிடம் கொடுத்துவிட வேண்டும். வார்சோவின் கணவன் ஓனிக், காலுறை ஆலை மெக்கானிக், ஒருநாளும் கோப்பையைப் பறிகொடுத்ததில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் மண்டைக்கனமே உண்டு.

பல வருஷங்களுக்கு முன் ஒரு டிசம்பரில் நிலநடுக்கம் வந்தபோது அவள் ஆஸ்பத்திரி முற்றத்தில் நின்றிருந்தாள். அதனால் பிழைத்தாள். ஓனிக் இரவு ஷிப்ட் முடிந்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். வீடு இடிந்துவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். ஆனாலும் அவள் போகவில்லை. சதுக்கத்தில் கூடாரம் போட்டு, அடிபட்டவர்களைக் கதவுப் பலகைகளில் தூக்கி வந்தபடி இருந்தார்கள். ஊசி போட ஆளில்லை. ஒவ்வொரு பலகை வரும்போதும் முகத்தைப் பார்ப்பாள். அவன் இல்லை என்று தெரிந்ததும் வேலையைப் பார்ப்பாள்.

மறுநாள் மத்தியானம் ஒரு பலகையில் ஓனிக் வந்தான். அதுவரை இரண்டு கால்களும் உத்தரத்துக்கடியில் மாட்டிக் கிடந்திருந்தன. ரத்தம் இல்லை, பேச்சு கணீரென்று இருந்தது.

"கூரையைப் பாரு பாருன்னு வருஷம் பூரா நச்சரிச்சியே வார்சோ. அதுவே இறங்கி வந்து என்னைப் பாத்துட்டுப் போயிருச்சு."

தூக்கி வந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம் அன்றைக்கு ஊரே செய்த தப்பை அவளும் செய்தாள். கிண்டலடிக்கிறவன் காத்திருக்கலாம் என்று அப்படிப்பட்டவர்களையெல்லாம் சுவரோரம் நெருப்புப் பக்கத்தில் படுக்கவைத்திருந்தார்கள். அவனையும் அங்கே விட்டு, கம்பளியைப் போர்த்திவிட்டு, தலையில் அடிபட்ட ஒருவரைக் கவனிக்கப் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீரோடு வந்தாள். ஓனிக் அவளைப் பார்த்ததும் கண்ணைச் சிமிட்டினான்.

"கூரையைப் பாரு பாருன்னு நச்சரிச்சியே வார்சோ..." என்று, இப்போதுதான் தோன்றியதுபோல ஆரம்பித்தான்.

தண்ணீரை அப்படியே கீழே வைத்துவிட்டு டாக்டர் சேய்ரானிடம் ஓடினாள்.

"டாக்டர், ஓனிக்கை வந்து பாருங்க."

"சிரிப்புச் சத்தம் கேட்டுச்சே. நல்லாத்தானே இருக்கான்?"

"சொன்னதையே திரும்பச் சொல்றான்."

சேய்ரானும் உள்ளூர்க்காரர். கையிலிருந்த பேண்டேஜை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்தார். ஓனிக்கின் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது. நசுங்கிக் கிடந்த தசையின் விஷம், பாரம் விலகியதும் ரத்தத்தில் இறங்கி, சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு கையிலும் சலைன் ஏற்றி, அடுத்த ஹெலிகாப்டரில் டயாலிசிஸுக்காகத் தலைநகர் எரெவானுக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம்தான் சுவரோரம் சிரித்துக்கொண்டிருந்த மற்றவர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். சிலருக்கு நேரம் கடந்துவிட்டிருந்தது. அவர்களைப் பற்றி மட்டும் வார்சோ இன்றைக்கும் பேசமாட்டாள்.

ஓனிக் ஒற்றைக் காலோடு திரும்பி வந்தான்.

"ஆயுசு பூரா காலுறையை ஜோடி ஜோடியாப் போட்ட மெஷின்டி. இனிமே எனக்கு ஒண்ணு ஒண்ணாப் போடச் சொல்லு," என்றான். அது புது வேடிக்கை. வார்சோ நிம்மதியாக அழுதாள்.

இப்போது அவனுக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் நழுவுகிறது. போன டிசம்பரில் விருந்து நடுவே கூரைக் கதையைச் சொன்னான். அடுத்த தட்டு வருவதற்குள் அதையே மறுபடி ஆரம்பித்தான். பக்கத்து வீட்டுக்காரர் வழக்கப்படி கோப்பைக்குக் கை நீட்டினார். வார்சோ அந்தக் கையைத் தட்டிவிட்டாள். மேசைக்கடியில் அவளுடைய இன்னொரு கை ஓனிக்கின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது.

"என்னடி, நாடி இருக்கா?" என்றான்.

"இருக்கு. நீ முழுசாச் சொல்லி முடிய்யா."