பன்னிரண்டு இடது கால்கள்

மகளுக்கு வாங்கிய பள்ளி ஷூப் பெட்டியைத் திறந்தேன். பசையின் காரம் மூக்கில் ஏறியது. அடுத்த மூச்சில் ஆம்பூரில் இருந்தேன், பதினோரு வயதில், கையில் குத்தூசியோடு.

எங்கள் தெருவுக்கு ஷூதான் சோறு. ஏஜென்ட் மூட்டையைக் கொண்டுவந்து போடுவார்; வெட்டிய தோல் துண்டுகளை அம்மா மெழுகு நூலால் தைத்துத் திருப்பித் தருவாள். அப்பா ஒரு அடிதடி வழக்கில் ஜாமீனில் இருந்தார். தினம் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், மழையானாலும் காய்ச்சலானாலும்.

அதே ஸ்டேஷன்காரர்கள் தெருக்கோடியில் பிள்ளைகளுக்கு ஒரு மன்றம் நடத்தினார்கள். எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் கெட்டுப்போகாமல் இருக்கவாம். ஒரு கேரம் போர்டு, அட்டை கிழிந்த கதைப் புத்தகங்கள், ஒரு பந்து. பார்த்துக்கொண்டவர் ஒரு பெண் காவலர், பேரணாம்பட்டுக்காரர், அக்கா என்போம். எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. தோன்றினால் போவேன், வருகை நோட்டில் கையெழுத்து வாங்கும் நேரம் வருமுன் நழுவிவிடுவேன்.

ஒரு நாள் பந்து முள்ளில் வெடித்தது. தோல் ஊரில் பந்துக்கா பஞ்சம்? நான் தைத்துத் தருகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அம்மாவின் மூட்டையிலிருந்து பன்னிரண்டு துண்டுகள் எடுத்தேன். எல்லாமே இடது காலுக்கானவை. ஜோடியாக எடுத்தால் அது திருட்டு. ஜோடிக்கு ஒன்றை விட்டுவைத்தால் எப்படித் திருட்டாகும்?

கந்தல் அடைத்துத் தைத்தேன். உருண்டை என்று சொல்ல முடியாது. உதைத்தால் எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது. ஆனால் என்ன மினுமினுப்பு! மூன்று மாலைகள் நான் ராணி.

நான்காம் நாள் ஏஜென்ட் வாசலில் கத்தினார். “பன்னண்டு லெஃப்ட் எங்கம்மா? வித்துட்டியா? புருசன் புத்திதான உனக்கும்!” இனி மூட்டை கிடையாது என்றார், ஸ்டேஷனுக்கே போகிறேன் என்றார். அம்மா தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

அன்று மாலை அக்கா பந்தை எடுத்து உருட்டி உருட்டித் தடவினார். தோல் பதனிடும் ஷாப்பு வேலைக்காரர் வீட்டில் வளர்ந்தவர். விரலுக்குத் தெரிந்துவிட்டது.

“இன்னாடி, ரைட்டெல்லாம் எங்க?”

“மூட்டையிலயே கீது கா. அத நான் தொடவேல்ல.” பெருமையாகத்தான் சொன்னேன்.

சிரிப்பை மறைக்க அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரிப்பில்லாமல் கேட்டார்: “ஏஜென்ட்டு ஸ்டேஷன்ல வந்து உங்கம்மாவத் திருடின்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. தெரியுமா?”

தெரியும் என்று தலையாட்டினேன்.

பந்தைச் சுமந்துகொண்டு ஏஜென்ட் வீட்டுக்கு நடந்தோம். நான்தான் பேச வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டார். பேசினேன். நான்தான் எடுத்தேன், அம்மாவுக்குத் தெரியாது.

ஏஜென்ட் குதித்தார். “இப்பவே எழுதி உள்ள போடுங்க மேடம் இத!”

“அந்த பேஜார எங்கிட்ட வுடுங்கணா. காலைல நாலு பேரு கேக்கத் திட்டினீங்களே, அதே நாலு பேரு கேக்க, அந்தம்மா எடுக்கலன்னு சொல்லிட்டு வாங்க. மூட்டையோட போங்க.”

ஏஜென்ட் சீருடையைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், சைக்கிளை எடுத்தார். அம்மாவுக்கு அன்றைக்கே மூட்டை வந்தது.

மன்றத்துக்குத் திரும்பியதும் அக்கா நோட்டைத் திறந்து என் பெயரை எழுதினார், பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது. அப்பாவுக்குக் காலை பத்து. எனக்கு மாலை ஐந்து. பத்தாம் வகுப்பு முடியும்வரை ஒரு மாலையும் தவறாமல் என் தண்டனையை அனுபவித்தேன். ஆடினேன், அந்தக் கிழிந்த புத்தகங்களை எல்லாம் படித்து முடித்தேன். மற்றப் பிள்ளைகளும் அதே நோட்டில் கையெழுத்திடுவதைப் பார்த்து, பாவம், இவர்களும் ஏதோ திருடியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

முதல் கையெழுத்துப் போட்ட அன்று மன்ற வாசலில் பந்தை என் கையில் கொடுத்து அக்கா சொன்னதைக்கூட மிரட்டல் என்றே எடுத்துக்கொண்டேன்.

“நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்துடணும். நீ வராம ஆட்டத்த ஆரம்பிக்க மாட்டோம்.”