கமலநாயகி வாய் திறக்காத சனிக்கிழமை

கமலநாயகிக்கு வாயில் எதுவும் தங்காது. இது புறணி இல்லை. ஜெர்மனியின் டோர்ட்மண்டில் அவரைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவார்கள். கோயில் பொங்கலில் சர்க்கரை குறைந்தால் ஐயருக்கு நேரே சொல்லிவிடுவார். மருத்துவமனைச் சமையலறையில் இருபத்தெட்டு வருச வேலை. மூன்று மேலாளர்கள் மாறிவிட்டார்கள், இவருடைய வாய் மாறவில்லை. தப்பித்தவறி வாயை மூடிக்கொண்டாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். "உனக்கு ரகசியம் சொல்லுறதும் ஒண்டு, ஒலிபெருக்கியிலை சொல்லுறதும் ஒண்டு" என்று கணவர் கணேசலிங்கம் இருந்த காலத்தில் பகிடி பண்ணுவார். அவர் போய் ஆறு வருசம்.

இப்படிப்பட்ட மனுசிக்குப் போய், வாயே திறக்கக்கூடாத ஒரு வேலை வந்து வாய்த்ததை என்னவென்று சொல்ல?

மகள் தேனுஜா பத்து வயதில் பள்ளிச் சிநேகிதியோடு போய் பேஸ்பால் கிளப்பில் சேர்ந்தாள். டோர்ட்மண்டுக்கு வெளியே ஒரு சின்ன ஊர்; கிளப்புக்குக் 'கிரானிஷ' என்று பெயர், நம்முடைய பாஷையில் கொக்குகள். மகளைக் கூட்டிவந்த தாய் குளிரில் சும்மா குந்தியிருப்பதைப் பார்த்த பயிற்சியாளர் ஹோல்கர், ஒருநாள் கையில் ஒரு பென்சிலைக் கொடுத்தார். யார் அடித்தார், யார் ஓடினார், யார் பந்தைக் கோட்டைவிட்டார் என்று ஒவ்வொரு ஆட்டத்தையும் புத்தகத்தில் எழுத ஒரு ஸ்கோரர் வேண்டும், அதற்கு லைசென்ஸ் வேண்டும். கமலநாயகி இரண்டு நாள் வகுப்புக்குப் போய், ஜெர்மன் மொழியில் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினார். "இஞ்சை வந்த காலத்திலையிருந்து அந்திராக் படிவம் நிரப்பி நிரப்பியே பழகின கை. இதென்ன பெரிய காரியமே" என்றார்.

வகுப்பில் ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு குழுவும் ஒன்பது பேரின் பெயர்ப் பட்டியலைக் கொடுக்கும். அந்த ஒழுங்கில்தான் ஒவ்வொருவராக வந்து அடிக்க வேண்டும். ஒழுங்கு தப்பி ஒருவர் வந்து அடித்தால், அடுத்த பந்து எறிவதற்குள் எதிர்க்குழு நடுவரிடம் முறையிடலாம். முறையிட்டால், வந்திருக்க வேண்டியவர் அவுட். எடுத்த ஓட்டமும் செல்லாது. யாரும் வாய் திறக்காவிட்டால் நடந்தது நடந்ததுதான். ஸ்கோரருக்குக் கட்டாயம் தெரியும், புத்தகம் அவர் கையில்தானே இருக்கிறது. ஆனால் அவர் யாருக்கும் சொல்லக்கூடாது. சாடையும் காட்டக்கூடாது.

கொக்குகளின் கதையோ பரிதாபக் கதை. போன வருசம் ஒரு வெற்றியும் இல்லை. இந்த வருசம் சித்திரையில் ஹோல்கர் "இந்தமுறை நாலு வெல்லுவம்" என்றார். ஆனியில் அது இரண்டாயிற்று. ஆவணியில் "ஒண்டு காணும்" என்று வந்து நின்றார். பதினாறு ஆட்டத்தில் பதினைந்து முடிந்து, பதினைந்தும் தோல்வி. பட்ட காலிலேயே படும் என்பது இவர்களுக்காகத்தான் சொன்னது போல.

ஆனால் கமலநாயகிக்கு மட்டும் வேறு ஒன்று தெரியும். முதல் ஆட்டத்தில் இருபத்தொன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள். பதினைந்தாவதில் எட்டுக்கு ஆறு. முதலில் ஒரு ஆட்டத்தில் பதினொரு பந்தைக் கோட்டைவிட்டவர்கள், இப்போது நாலைத்தான் விடுகிறார்கள். பிள்ளைகள் முன்னேறிக்கொண்டுதான் இருந்தார்கள். தோற்றுத் தோற்று முன்னேறினால் யார் கண்ணில் படும்? புத்தகம் எழுதுகிறவர் கண்ணில்தான் படும்.

கிளப் நிர்வாகம் முடிவாகச் சொல்லிவிட்டது: இந்த வருசமும் ஒரு வெற்றி இல்லையென்றால் அடுத்த வருசம் குழுவைப் பதிவதில்லை.

கமலநாயகிக்குக் கவலை வந்ததற்குக் காரணம் விளையாட்டு இல்லை. தேனுஜா ஔஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி படிக்க மூன்ஸ்டருக்குப் போய், வேலையும் எடுத்து அங்கேயே இருந்துவிட்டாள். மற்ற நாளில் வரச் சொன்னால் "அம்மா, எனக்கு டெர்மின் இருக்கு" என்று ஏற்கெனவே குறித்த சந்திப்பு ஒன்றைச் சொல்லுவாள். சனிக்கிழமை மட்டும் ஆட்டத்துக்குக் கூட்டிப்போகக் காரோடு வாசலில் வந்து நிற்பாள். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கதைப்பது அந்தக் காருக்குள் மட்டும்தான். குழு கலைந்தால் சனிக்கிழமையும் போச்சு. அதை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில். எதிரே மலைப்பக்கத்து ஊர்க் குழு. கடைசியான ஏழாம் சுற்றில் கொக்குகள் ஒன்பதுக்கு எட்டு என்று முன்னால் நின்றார்கள். எதிர்க்குழுவில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவர் அவுட் ஆனால் வெற்றி. ஆனால் அவர்களுடைய ஓட்டக்காரர் இருவர் ஓடத் தயாராக நின்றார்கள். பந்து பிடிக்கும் இடத்தில், முகமூடி போட்டுக் குந்தியிருந்தது தேனுஜா. அவளுக்குப் பின்னால் வலை, வலைக்குப் பின்னால் தாயின் மேசை.

அடிக்க வந்தவனின் முதுகில் முப்பத்தொன்று என்ற எண். கமலநாயகி புத்தகத்தைப் பார்த்தார். வர வேண்டியவன் பதினெட்டு. திரும்பிப் பார்த்தார், பதினெட்டு அந்தப் பக்க வாங்கிலில் குந்தியிருந்து விரலுக்குப் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டிருந்தான். முப்பத்தொன்று அவசரத்தில் முந்தி வந்துவிட்டான். ஒருவரும் கவனிக்கவில்லை. ஹோல்கர் தன் ஆட்களைப் பார்த்துக் கத்துவதில் நின்றார்.

முப்பத்தொன்று ஓங்கி அடித்தான். இரண்டு பேரும் ஓடி வந்து சேர்ந்துவிட்டார்கள். பத்துக்கு ஒன்பது.

இப்போது ஒரு சொல் போதும். அடுத்த பந்து எறிவதற்குள் யாராவது நடுவரிடம் சொன்னால் பதினெட்டு அவுட், இரண்டு ஓட்டமும் செல்லாது, ஆட்டம் கொக்குகளுக்கு. நடுவர் குனிந்து, அடிக்கும் இடத்திலுள்ள வெள்ளைத் தட்டில் இருந்த மண்ணைத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தார். தேனுஜா எழும்பி, முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வலையடிக்கு வந்தாள்.

"அம்மா?" என்றாள்.

தமிழில் ஒரு வசனம் சொன்னால் அந்த மைதானத்தில் வேறு ஒரு ஆளுக்கும் விளங்காது. 'பிழையான ஆள் பிள்ளை.' மூன்றே சொல். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கமலநாயகி அதை அப்படியே விழுங்கினார். முகத்தையும் கல்லாக வைத்துக்கொண்டார், அதுதான் விழுங்கியதிலும் கஷ்டம்.

"பத்துக்கு ஒன்பது" என்றார்.

தேனுஜா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு முகமூடியை இறக்கிக்கொண்டு போய்க் குந்தினாள். அடுத்த பந்து வந்தது. அவ்வளவுதான், எல்லாம் சட்டப்படி சரியாகிவிட்டது. அடுத்து வந்தவன் அவுட். தங்கள் முறைக்குக் கொக்குகள் ஒரு ஓட்டமும் எடுக்கவில்லை. கடைசியாக உயர அடித்த தேனுஜாவின் பந்தை ஒருவன் பிடித்துவிட்டான்.

புத்தகத்தைச் சரிபார்க்க வாங்கிய ஹோல்கரின் விரல் ஏழாம் சுற்றில் போய் நின்றது. "கண்டியா?" என்று கேட்டார்.

"கண்டனான்" என்றார் கமலநாயகி, ஜெர்மன் மொழியில்.

ஹோல்கர் கையெழுத்து வைத்தார். "நான்தான் பார்த்திருக்கவேணும்" என்று மட்டும் சொன்னார். நல்ல மனுசன். அன்று பின்னேரமே நிர்வாகம் குழுவைக் கலைப்பதாக அறிவித்தது.

கார் டோர்ட்மண்டுக்குள் நுழைந்த பிறகுதான் தேனுஜா வாய் திறந்தாள்.

"முப்பத்தொண்டு வந்ததிலை எனக்குச் சந்தேகம் வந்தது அம்மா."

"அப்ப ஏன் பிள்ளை நடுவரிட்டைச் சொல்லேல்லை?"

"வடிவாத் தெரியேல்லை. பிழையெண்டால் உங்கட முகத்திலை தெரியும் எண்டு வந்து பார்த்தன். நான் என்ன, ஸ்கோரா கேட்டனான்? 'அம்மா' எண்டுதானே கேட்டனான்."

கமலநாயகிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை, இனி மறைத்து என்ன. "ஏலாது பிள்ளை. அந்த மேசையிலை இருந்துகொண்டு ஏலாது" என்றார்.

"தெரியும். ஆனா கோவமாத்தான் இருக்கு."

"இருக்கும்."

வாசலில் கார் நின்றது. கமலநாயகி புத்தகப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். கதவைச் சாத்தப் போனபோது, தேனுஜா ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே கேட்டாள்:

"வாற சனி எத்தினை மணிக்கு வர?"

"விளையாட்டு இல்லையே பிள்ளை. எல்லாம் முடிஞ்சுதே."

"ஓம், அது தெரியும். எத்தினை மணிக்கு வர?"