படுத்துப் பார்த்த டிவி

போன பங்குனி மாதம், பெரம்பலூரில் ஒரு டிவி கடை. அங்கே இருந்தவர்கள்: நான். என் மகள். லாரி ஓட்டும் என் மாப்பிள்ளை. கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண். முப்பது வயது இருக்கும்.

வராதவள் என் மனைவி. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நான்கு வருடமாகக் கட்டிலோடு இருக்கிறாள். நான் பருத்திக் காட்டுக்குப் போய்விட்டால் பகல் முழுக்க அவளுக்குத் துணை டிவிதான். பழையது கெட்டுவிட்டது. தப்பாக வாங்கினால் மாற்றி வாங்க எனக்கு வக்கில்லை.

சுவரில் மூன்று டிவியிலும் ஒரே படம். மயில் தோகை விரித்தது. முதலாவது ஓஎல்இடி. கருப்பு அப்படியே மை. விலையும் அப்படி. மாப்பிள்ளைக்கு அதில்தான் கண். மற்ற இரண்டும் எல்இடி. நடுவில் இருந்தது பளிச்சென்று இருந்தது. கடைசி கொஞ்சம் மங்கல். நடுவில் இருந்ததைக் காட்டி, "இதைக் கட்டும்மா" என்றேன்.

அந்தப் பெண் கட்டவில்லை. "யாருங்கய்யா பாக்கப்போறது?" என்றார். சொன்னேன். கட்டில் எங்கே, டிவி எங்கே, அம்மா எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார் என்று விசாரித்தார். பிறகு சுவர் ஓரமாகப் போய்த் தரையில் படுத்துவிட்டார்.

"நீங்களும் வந்து படுத்துப் பாருங்கய்யா."

படுத்தேன். மாப்பிள்ளை நெளிந்தார். "மாமா, எந்திரிங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டுமேண்ணே. பாக்கத்தானே டிவி கடைக்கி வராங்க" என்றார் அந்தப் பெண், படுத்தபடியே.

அங்கிருந்து பார்த்தால் நடு டிவியில் மயில் சாம்பல் பூசினது போல வெளுத்துக் கிடந்தது. கடைசியில் இருந்ததில் நீலம் நீலமாகவே இருந்தது.

"அது நேரா உக்காந்து பாக்குறவங்களுக்குங்க. இதுல பேனல் வேற. ஓரத்துல இருந்து பாத்தாலும் கலரு போவாது."

"ஓஎல்இடியும்தான் வெளுக்கல. அதையே எடுப்போம்" என்றார் மாப்பிள்ளை.

"அம்மா எவ்ளோ நேரம் பாப்பாங்க?"

"காலைல போட்டா தூங்குற வரைக்கும். ஒரே சேனலு. மாத்துனா அம்மா மொறைக்கும்" என்றாள் மகள்.

"அப்ப வேணாம்ண்ணே. மூலையில நிக்கிற சேனல் லோகோ நாள்பட அதுல அச்சு விழுந்துரலாம்."

விலை கூடினதை அவரே வேண்டாம் என்றார். நான் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டேன். மங்கல் என்று நான் தள்ளினதையே வாங்கினோம்.

வீட்டில் மாட்டியதும் சீரியல் ஓடியது. மனைவிக்கு வாய் குழறும். ஆனாலும் திரையில் ஒருத்தி கட்டியிருந்த சேலையைப் பார்த்துச் சொன்னாள்: "மாம்பழக் கலரு."

மறுநாள் அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அந்தக் கட்டிலில் நான் படுத்துப் பார்த்தேன். டிவி நன்றாகத் தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. சன்னலை பீரோ மறைத்துக்கொண்டிருந்தது. அதை அன்றே தள்ளிப் போட்டேன். இப்போது முருங்கை மரமும் தெருவும் தெரிகிறது.

முன்பின் பார்க்காத ஒருத்தி இருக்கும் இடத்திலிருந்து பார்க்க அந்தப் பெண்ணுக்கு ஒரு நிமிடம் ஆனது. எனக்கு ஆனது நான்கு வருடம்.