இழுத்தால் அவிழும் முடிச்சு

எண்பதுகளின் கடைசியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கியில் ஞாயிறுதோறும் கூடுவோம். வன்னியம்பட்டிப் பக்கம் தோண்டியெடுத்த முதுமக்கள் தாழிகளின் ஓடுகளைக் கழுவிக் காயவைத்து, மையால் எண் எழுதுவோம். சம்பளம் கிடையாது. எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். நரைத்த மீசை, வெளுத்த காக்கிக் கால்சட்டை, யாரோடும் பேச்சில்லை.

ஓடுகளில் எங்களைப்போல் எழுதுவார். எலும்பு வந்தால் மட்டும் பேனாவை மூடிவிட்டு, ராஜபாளையத்து பேண்டேஜ் துணியில் நூல் உருவி, எண் போட்ட அட்டையை எலும்பில் கட்டுவார். அதுவும் இழுத்தால் அவிழும் முடிச்சு. ஒருமுறை இரண்டு அட்டைகள் கழன்று விழுந்து, எது எந்தத் தாழி எலும்பு என்றே தெரியாமல் போயிற்று.

“எலும்புலயும் எழுதிரலாமே, அண்ணாச்சி. இல்ல, இறுக்கியாவது கட்டலாமே” என்றேன்.

“சர்வீஸ்ல அநாதப் பொணத்துக்குக் கால் பெருவிரல்ல இப்பிடித்தான் கட்டுவேன். சொந்தக்காரவுக தேடி வந்தா அவுத்துக் குடுக்கணும்லா.”

“வந்தாகளா?”

“நான் கட்டுனதுல ஒண்ணக்கூட அவுக்கல.”

சொல்லிக்கொண்டே ஒரு சிறுபிள்ளையின் தொடை எலும்பை எடுத்து, அதே முடிச்சைப் போட்டார். அடுத்த எலும்புக்கான அட்டையில் எண் எழுதி அவரிடம் நீட்டினேன்.