உட்காராதவள்

சலவைக்கூடத்தில் துணி மடிக்கிற மடிப்பு மேசைக்காரிக்கு, துணி ஏற்ற வரும் லாரி ஓட்டுநர் சொன்னாராம். அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. தேநீர் இடைவேளை முடிந்து எழும்போது யார் யார் நொண்டுகிறார்கள் என்று கேமராவில் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்களாம். அன்றைக்குச் சாயங்காலமே வீட்டுக்குப் போன் வருமாம், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று.

மடிப்பு மேசைக்காரி வாயால் இதைக் கேட்ட நாளிலிருந்து, பக்கத்து இஸ்திரி உருளையில் வேலைசெய்யும் அவள் இடைவேளையில் உட்கார்ந்ததில்லை. எட்டு மாதமாகிறது.

அவளுடைய குதிகால் வலி அப்படிப்பட்டது. நிற்கிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். உட்கார்ந்து எழுந்தால்தான் வினை. முதல் பத்து அடியும் குதிகாலில் ஆணி இறக்கினாற்போல் இருக்கும்; பிறகு மெல்ல அடங்கும். அதனால் காலையில் கட்டிலில் இருந்தபடியே பாதத்தில் துண்டை மாட்டி இழுத்துவிடுவாள். குளியலறைக்குக்கூட மெத்தைச் செருப்புதான். சலவைக்கூடத்துக்கு இருபது நிமிடம் முன்னதாகவே போய், வெளிச்சுவரோரம் நடந்து நடையைச் சரிசெய்துகொண்டுதான் உள்ளே நுழைவாள். அப்புறம் எட்டு மணி நேரம் சிமெண்டுத் தரை, ஈரப் படுக்கை விரிப்புகள், அவற்றை விழுங்கும் சூடான உருளை.

இடைவேளையில் சுவரோரம் ஒற்றைக் காலில் நிற்பவளுக்குக் கொக்கு என்று பேர் வைத்துவிட்டார்கள்.

“என்ன கொக்கு, மீன் ஏதாச்சும் மாட்டுச்சா?” என்பாள் மடிப்பு மேசைக்காரி.

“மாட்டினா முள்ளு உனக்குத்தான்டி.”

“நிக்கிறதைக் குறைங்கம்மா, இல்லேன்னா இது போகாது,” என்று டாக்டர் சொன்னபோது தலையாட்டி வைத்தாள். வேலை போனால் கம்பெனி கொடுத்த அறையும் போகும், மகள் படிப்பும் பாதியில் நிற்கும். டாக்டருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

போன திங்கட்கிழமை மடிப்பு மேசைக்காரி கணுக்கால் சுளுக்கி நொண்டினாள். செவ்வாயிலிருந்து ஆளைக் காணோம். போன் அடித்தால் எடுப்பதுமில்லை.

இன்று மேற்பார்வையாளர் இவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

“உக்காருங்கக்கா.”

“பரவாயில்ல சார், நிக்கிறேன்.”

“அட, உக்காருங்க. நாற்காலி கடிக்காது.”

உட்கார்ந்தாள். அவர் சாவகாசமாகத் தாள்களைப் புரட்டினார். “போன் நம்பர் இதுதானே? மாத்தலையே?”

“இல்ல சார்.”

“சரி, போங்க.”

சாவிக்கொத்தை வேண்டுமென்றே நழுவவிட்டாள். எடுக்கிற சாக்கில் குனிந்து, குதிகாலை நாலு தடவை தரையில் அழுத்தினாள். எழுந்தாள். முதல் அடியைச் சமாளித்துவிட்டாள். இரண்டாவதில் கால் காட்டிக்கொடுத்தது. கை தானாக அலமாரியைப் பிடித்தது.

“மெதுவா, மெதுவா,” என்றார் பின்னாலிருந்து. குரலில் கனிவுதான் இருந்தது. பேனா மூடியைக் கழற்றும் சத்தமும் கேட்டது.

சாயங்காலம் அறையில், உறைந்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்தின் அடியில் உருட்டிக்கொண்டிருந்தாள். எதிர்ச்சுவர் அலமாரியில் போன் அடித்தது.

மகள் எட்டிப் பார்த்தாள். “புது நம்பரும்மா. எடுக்கட்டுமா?”

“தொடாதே.”

“அந்த மடிப்பு அத்தையா இருந்தா?”

போன் நின்றது. அவள் மூச்சு விடுவதற்குள் மறுபடி அடித்தது. பாட்டிலை ஒதுக்கிவிட்டு, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தரையில் வைத்தாள். அலமாரிக்கு ஏழெட்டு அடி இருக்கும். முதல் அடியிலேயே நின்றுவிட்டாள். போன் அடித்துக்கொண்டேயிருந்தது.