ஒரு தெருவின் சராசரி

"டிசைன்லாம் கண்ணுக்குப் பழகியிருக்கணும்மா. உங்க வீட்ல அதுக்கு வாய்ப்பு இருந்திருக்காதே."

இன்டர்வியூவில் மேனேஜர் கார்த்திக் சார் இப்படிச் சொன்னார். என் அப்பா திருமுடிவாக்கத்தில் வெல்டிங் பட்டறைத் தொழிலாளி. அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். "பழகிக்கிறேன் சார்" என்றேன். வேலை கிடைத்தது. அந்தப் பதிலை நினைத்து ரொம்ப நாள் பெருமையாக இருந்தேன்.

மேடவாக்கத்தில் சின்ன கம்பெனி. வீட்டிலேயே பிபி பார்க்கும் மெஷினைச் சுற்றித்தான் எங்கள் வேலை. மெஷினுக்குள்ளேயே சிம் இருக்கும். கையில் பட்டையைச் சுற்றிப் பட்டனை அமுக்கினால், அளவு நேராக டாக்டரின் திரைக்குப் போய்விடும். அந்த மெஷின் திரையும் டாக்டர் பார்க்கும் திரையும் என் பொறுப்பு.

நான் எடுத்த கேள்வி

முதல் மாடலில் பட்டனை அமுக்கியதும் "யாருடைய அளவு?" என்று ஒரு கேள்வி வரும். 'எனக்கு', 'மற்றவருக்கு' என்று இரண்டு பட்டன். சோதனைக்கு வந்தவர்களில் பலர் அந்த இடத்தில் திகைத்து நின்றார்கள். கேள்வியை எடுத்துவிட்டேன். ஒரே பட்டன், அவ்வளவுதான். மீட்டிங்கில் கை தட்டினார்கள்.

சோதனைக்காக மெஷின் கொடுத்த வீடுகளில் தேசம்மா அக்காவின் வீடும் ஒன்று. எங்கள் ஆபீஸ் தெருமுனையில் மீன் விற்பவர். ஈசிஆர் ஓரக் குப்பத்திலிருந்து விடிகாலையில் ஷேர் ஆட்டோவில் கூடையோடு வருவார். ஐம்பது வயது, பல வருஷமாக பிபி. மெஷினை மாட்டிக் காட்ட அவர் வீட்டுக்கு நானே போனேன். பட்டை இறுக ஆரம்பித்ததும் சத்தம் போட்டார்.

"இன்னா பாப்பா இது, மீன அமுக்கிப் பாக்குற மாதிரி அமுக்குது? நான் கெட்டுப் பூட்டனா இல்லியான்னு சொல்லிடுமா?"

வாசலில் நின்றிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் ஏன் அங்கே நிற்கிறார்கள் என்று யோசிக்கவில்லை.

இறங்கிய கோடு

இரண்டு மாதத்தில் தேசம்மா அக்காவின் சராசரி இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு நாளைக்கு எட்டு முறை, பதினொரு முறை என்று அளவுகள் வந்தன. "செம எங்கேஜ்மென்ட்! எத்தனை தடவை யூஸ் பண்றாங்க பாரு" என்றார் கார்த்திக் சார். அந்தக் கோட்டைப் பெரிதாக்கி ஸ்லைடில் போட்டேன்.

அதே சமயத்தில் அக்காவுக்குக் கால் வீங்கியது. க்ளினிக்குக்குப் போனார். அங்கே பார்த்தபோது பிபி ஏறித்தான் இருந்தது. டாக்டர் என் திரையைப் பார்த்தார். "இது இங்க வந்த பதற்றம்மா. வீட்ல நல்லாத்தான் இருக்கு. கால் வீக்கம் மாத்திரையாலதான், பாதியாக் குறைச்சுக்கலாம், வடிஞ்சிரும்" என்றார். அவர் முன்னால் இருந்த கணக்குக்கு அது சரியான முடிவுதான்.

மாத்திரையைக் குறைத்த மூன்றாவது வாரம், ஷேர் ஆட்டோவில் கூடையை ஏற்றும்போது தேசம்மா அக்கா விழுந்தார். பக்கவாதம். வலது கையும் பேச்சும் போயின.

மருத்துவமனைக்குப் போனேன். அவர் மகள் மலர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். "தினமும் அத்தனை தடவை பார்த்தாங்களே மலர், ஒரு தடவைகூடவா ஏறலை?" என்று கேட்டேன்.

"அம்மா சாய்ந்தரம் ஒருவாட்டி பாக்கும், அவ்ளோதான்க்கா. மிச்சம்லாம் தெருவுல இருக்கறவங்க. வலைக்குப் போற பசங்க, பக்கத்து வூட்டு மாசமா இருக்கற பொண்ணு, அல்லாரும் வந்து மாட்டிகினு போவாங்க. வூட்ல மிஷின் கீதுன்னா இல்லன்னா சொல்ல முடியும்?"

நான் பார்த்து மகிழ்ந்த கோடு ஒரு தெருவின் சராசரி. இருபது வயதுப் பையன்களின் நல்ல அளவுகளுக்கு அடியில் தேசம்மா அக்காவின் அளவு புதைந்து கிடந்தது.

எனக்கு இது தெரியாத விஷயமில்லை. என் அப்பாவும் அம்மாவும் இன்றைக்கும் ஒரே மூக்குக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். நான்கு பேருக்கு ஒரே போன் இருந்த வீட்டில்தான் படித்தேன். டிசைன் கற்றுக்கொண்ட பிறகு, ஒரு மெஷினுக்கு ஒரு 'யூசர்' என்றே எனக்குத் தோன்றியது. நன்றாகப் பழகிக்கொண்டிருந்தேன்.

ரிப்போர்ட்

வராந்தாவிலிருந்தே டாக்டருக்குப் போன் செய்து, எந்த வீட்டுச் சராசரியையும் நம்பவேண்டாம் என்று சொன்னேன். மெஷின் இருக்கும் வீடுகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "எல்லாரையும் நேர்ல வரச் சொல்றேன்" என்றார். மறுநாள் ஆபீசில் கார்த்திக் சார் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

"மெஷினத் தெருவுக்கே குடுத்தா நாம என்ன பண்றது? ரிப்போர்ட்ல 'யூசர் தவறாகப் பயன்படுத்தினார்'னு போட்டு முடி."

"'யாருடைய அளவு'ங்கற கேள்விய எடுத்தது நான் சார்."

"உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். எழுத்துல போட்டா உன் வேலைக்கே பேஜாராகும்."

குப்பத்தில் நிலைமை வேறு மாதிரி இருந்தது. "ஊருக்கெல்லாம் மிஷினக் குடுத்து இவளே வெனைய இழுத்துக்கிட்டா" என்று பேசிக்கொண்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, பார்க்க வந்தவர்கள் முன்னால் தேசம்மா அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார் என்று மலர் சொன்னாள். அவரும் அதை நம்பிவிட்டார்.

ரிப்போர்ட்டைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு பிரதி கார்த்திக் சாருக்கு, ஒன்று டாக்டருக்கு. மூன்றாவதைத் தேசம்மா அக்காவின் பாய் அருகில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன்.

"எங்கம்மா மேல தப்பு இல்லன்னு போட்டுக்கீதா?" என்றாள் மலர்.

"போட்டிருக்கு. என் தப்புன்னு போட்டிருக்கு."

அக்கா இடது கையால் காகிதத்தை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். திரையிலிருந்து ஒரு கேள்வியை எடுக்கும் முன், அது யாரைக் காப்பாற்ற அங்கே இருந்தது என்று கேளுங்கள். எண்கள் நன்றாக வரும்போது அந்த வீட்டுக்கு நேரில் போங்கள். நான் போகவில்லை.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகவில்லை. மெஷின் கொடுத்த மற்ற வீடுகளின் பட்டியலோடு தாம்பரத்தில் ரயிலேறிக் கூடுவாஞ்சேரியில் இறங்கினேன். முதல் வீட்டில் ஒரு பெரியவர் கதவைத் திறந்தார். இந்த மெஷினில் யார் யாரெல்லாம் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் முகம் மாறியது.

"ஏம்மா, மத்தவங்களுக்குக் குடுத்தது தப்பா?"

"உங்க தப்பு இல்லைங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே போனேன்.