அடிக்கோடிட்ட இருபத்தெட்டு

1,140 வரைபடங்கள், இருபத்தாறு வேலை நாட்கள். இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் ஜோதிலட்சுமியின் இந்த வருடம் மாட்டிக்கொண்டது.

வயது நாற்பத்து மூன்று. செவ்வாப்பேட்டையில் வீடு. காலை ஆறே காலுக்கு ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, ஒன்பதுக்குள் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் தன் நாற்காலியில் இருப்பார். இரும்புச் சட்டங்களும் தூக்குக் கருவிகளும் செய்யும் சின்னப் பட்டறை அது. பத்தொன்பது வருடமாக அங்கே வரைபடம் என்றால் அவர்தான். காகிதத்தில் முன்புறம், பக்கவாட்டு, மேற்புறம் என்று தட்டையாகக் கிடப்பதைக் கணினியில் முப்பரிமாண உருவமாக எழுப்புவார். ஒன்றுக்கு ஒரு நாள் ஆகும். சிக்கலானது என்றால் மூன்று நாள்.

பிப்ரவரியில் முதலாளி துளசிராமன் ஒரு மென்பொருள் வாங்கினார். லட்சக்கணக்கான வரைபடங்களையும் அவற்றின் உருவங்களையும் பார்த்துப் பழகி, தானே கற்றுக்கொண்ட நிரல். பழைய காகிதத்தை ஸ்கேன் செய்து கொடுத்தால் நாற்பது நொடியில் உருவம் எழுந்து நிற்கும். தகடு வெட்டும் இயந்திரத்துக்கு அப்படியே அனுப்பலாம். படமும் உருவமும் பொருந்தினால் திரையின் ஓரத்தில் பச்சைப் புள்ளி வரும். ஜோதிலட்சுமி பார்த்துவிட்டு 'சரிபார்த்தேன்' என்று கையெழுத்துப் போட வேண்டும்.

"நீ வரைய வேணாம்மா. பாத்தா போதும்," என்றார் துளசிராமன்.

பழைய படங்கள் மொத்தத்தையும் முடிக்க ஒரு நாளைக்கு நாற்பத்து நான்கு. முதல் வாரம் ஒவ்வோர் அளவையும் காகிதத்தோடு ஒப்பிட்டார். ஒன்றில்கூடத் தப்பில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து பச்சையை மட்டும் பார்த்தார்.

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்தரை மணி டீ நேரம். வெல்டர் ஏழுமலை ஆரம்பித்தார்.

"இன்னாக்கா, உன் கம்ப்யூட்டரு தகட்டுக்கு டயட்டு போட்டுக்கீதா?"

"இன்னா சொல்ற?"

"தூக்குச் சட்டத்துல காது வெல்டு பண்ணேனே, போன தபா ரெண்டு கையும் வெச்சு முக்கினேன். இந்த தபா டிபன் பாக்ஸ் மாரி ஒத்தக் கையில தூக்கினு போனேன். முதுகு வலியே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். ஜோதிலட்சுமி டீயை வைத்துவிட்டு மாடிக்கு ஓடினார்.

காது என்பது தூக்குச் சட்டத்தின் உச்சியில் கிரேன் கொக்கி மாட்டும் தகடு. பன்னிரண்டு டன் கம்பிச் சுருள் அதில்தான் தொங்கும். திரையில் அதன் தடிமன் பதினாறு மில்லிமீட்டர். பச்சைப் புள்ளி. காகிதத்தை எடுத்துப் பார்த்தார். இருபத்தெட்டு. அதன் கீழே ஒரு கோடு.

தடிமன் மாறினால் முழுப் படத்தையும் திரும்ப வரைய அங்கே யாருக்கும் நேரம் இருந்ததில்லை. பழைய எண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை எழுதி அடியில் கோடு போடுவார்கள். படம் பழசு, எண்ணை நம்பு என்று அர்த்தம். இந்தக் காகிதத்தில் கோடு எண்ணின் காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. நிரல் அதை அடித்துவிட்ட எண் என்று எடுத்துக்கொண்டது. எண் இல்லை என்றானதும் படத்தையே அளந்து பதினாறு போட்டுக்கொண்டது. உருவம் படத்தோடு பொருந்தத்தானே செய்யும்.

எட்டு வருடத்துக்கு முன்னால் அந்தக் கோட்டைப் போட்டவர் ஜோதிலட்சுமி.

சட்டம் ஒன்பதரைக்கே லாரியில் போய்விட்டிருந்தது, நான்கு தெரு தள்ளி இருக்கும் ஓர் ஆலைக்கு. ஃபோன் போட்டார். மேற்பார்வையாளர் எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

"ஒண்ணும் கேக்கலம்மா. லோடு ஏத்திக்கினு கீறோம், அப்பால பேசு."

ஏழுமலையின் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டார்.

"கீழ யாராவது நிப்பாங்களா?"

"சுருளு சுத்தாம புடிக்க ரெண்டு பேராவது நிப்பாங்கக்கா." ஏழுமலை வண்டியை இன்னும் முறுக்கினார்.

வாசலில் காவலாளி நோட்டை நீட்டினார். "பேரு, கம்பெனி, யாரைப் பாக்கணும், எல்லாம் எழுதும்மா. செல்போனைக் குடு."

"அண்ணா, உள்ள உயிர் போயிடும்ணா."

"எல்லாரும் அதான் சொல்றாங்க."

காவலாளி பேனாவைத் தேடுவதற்குள் இருவரும் உள்ளே ஓடிவிட்டார்கள்.

சுருள் நெஞ்சு உயரத்துக்கு எழும்பியிருந்தது. ஓர் ஆள் அதன் மேல் உள்ளங்கையை வைத்து, வீட்டு மாட்டைத் தட்டுவதுபோலத் தட்டிக்கொண்டு கூடவே நடந்தார். ஜோதிலட்சுமி கத்தினார். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. ஏழுமலை கிரேன்காரர் கண்ணில் படும் இடத்துக்குப் போய், இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே போட்டு நின்றார். கிரேன் நின்றது. அந்த ஆள் கையை எடுக்காமல் இவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

சுருளை இறக்க நான்கு நிமிடம் ஆனது. வட்டமாக வெட்டிய காதுத் துளை முட்டை போல நீண்டிருந்தது.

"நல்ல வேளை, இத்தோட போச்சு," என்றார் துளசிராமன், இருவரும் பட்டறைக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னதும். "வெளிய மூச்சு விடாத."

"போகல சார். இந்த மாரி கோடு இன்னும் எத்தினி போட்டேன்னு எனக்கே தெரியாது."

"ஆர்டர் ஒண்ணும் மிஞ்சாதும்மா. முப்பது பேரு ஊட்டுல அடுப்பு எரியணும்."

"கையெழுத்து என்னுது சார். வாங்கினவங்களுக்கு நீங்க லெட்டர் அனுப்பலன்னா நான் அனுப்புறேன்." மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் இதைச் சொன்னார்.

துளசிராமன் அரை மணி நேரம் கழித்துக் கடிதத்தாளை எடுத்துக் கொடுத்தார்.

1,140 காகிதங்களையும் புரட்ட ஐந்து நாள் பிடித்தது. இப்போதெல்லாம் ரயிலில் வரும்போது பாலத்தின் தூண், மேம்பாலத்துக்குத் தூக்கும் கான்கிரீட், எதைப் பார்த்தாலும் தடிமன் எவ்வளவு என்று மனம் கேட்கிறது என்கிறார். அடிக்கோடு அறுபத்து மூன்று இடங்களில் இருந்தது. அவற்றில் நிரல் தடிமனைக் குறைத்துவிட, அப்படியே செய்து வெளியேயும் அனுப்பிவிட்டவை ஏழு. ஆறு திரும்பி வந்துவிட்டன.

ஏழாவதை வாங்கியவர் ஆந்திர எல்லையைத் தாண்டித் தடாவில் இருக்கும் ஓர் ஒப்பந்தக்காரர். அவர் அதை இன்னொருவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். அந்த ஆள் இப்போது எங்கே வேலை செய்கிறார் என்று ஒப்பந்தக்காரருக்கே தெரியவில்லை. திங்கட்கிழமை காலை ஜோதிலட்சுமியும் ஏழுமலையும் தடாவுக்குத் தேடிப் போகிறார்கள்.